எண்ணூற்று அறுபத்தெட்டு

அட்டவணைப்படி பத்து மணிக்குத்தான் மின்வெட்டு.
ஒன்பது ஐம்பத்தெட்டுக்கே போய்விட்டது.
நான் ஏணிமேல் இருந்தேன்,
பல்லிடுக்கில் இரண்டு திருகாணி.

"நல்லதாய்ப் போயிற்று, இப்போதே பாருங்கள்" என்றாள்
தேஷ்னி படையாச்சி,
இரவுப் பணிக்குக் கிளம்பிய நர்ஸ் உடுப்பில்.
"நான் வார்டில் இருக்கையில்
வீடு இப்படித்தான் இருக்கும்."

பார்த்தேன்.
வைஃபை பெட்டியின் பச்சைக் கண் மூடியது.
அதை நம்பியிருந்தவை எல்லாம் கூடவே மூடின:
கேட் காமிரா, கீசர், குரங்கு வந்தால் கத்தும்
அடுக்களை ஜன்னல்.
மின்சாரம் இருக்கும் நாளிலும் அவை
நாலடி தள்ளியிருக்கும் விளக்கை எரிக்க
அயர்லாந்தில் ஒரு கட்டிடத்தைக் கேட்டுவிட்டுத்தான் வரும்.

அதெல்லாம் போகட்டும் என்றாள்.
அவளுக்கு வேண்டியது ஒன்றே.
பின்னறையில் ஒரு இழுப்பறை.
அதில் நிவேஷனின் இன்ஹேலர்.
நள்ளிரவில் அவன் அதைத் திறந்தால்
அவளுக்குத் தெரிய வேண்டும்.
அப்பா பக்கத்து அறைதான். ஆனால்
துறைமுகத்துக் கப்பலெல்லாம் ஒன்றாய் ஊதினாலும்
புரண்டு படுக்கிறவர்.

அதற்குத்தான் ஸிக்பீ பூட்டியிருந்தேன்.
பொத்தான் பேட்டரி, ரெண்டு வருஷம் தாங்கும்.
நடுவண் பெட்டிக்குத் தனி பேட்டரி, தனி சிம்.
பெருமையாய்ச் சொன்னேன்:
ஒன்றை ஒன்று கைகோத்துச் சேதி கடத்தும், மேடம்.

இழுப்பறையைத் திறந்தேன்.
அவள் கைபேசி சும்மா இருந்தது.
மூடித் திறந்தேன்.
மியர்பேங்க் முழுக்க ஜெனரேட்டர் உறுமல்,
சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து அந்த நாற்றம்,
கைபேசி சும்மா.

அவள்தான் கண்டுபிடித்தாள்.
டார்ச்சை நடைவழிக்குத் திருப்பி,
"இது யார்?" என்றாள்.
சுவர் பிளக்.
இந்த முனையில் உயிர், அந்த முனையில் உயிர்,
சேதியை வாங்கிக் கொடுக்க வேண்டியவன்
மின்சாரத்தோடு செத்துக் கிடந்தான்.
பதினோரு வருஷத் தொழில் எனக்கு.
ஏணியை மடிப்பதுபோல் கொஞ்ச நேரம் பாவனை செய்தேன்.

இடையாள் இல்லாமல்
இரண்டு செங்கல் சுவரும் ஒரு இரும்பு பீரோவும் தாண்ட
தாழ்ந்த அலை வேண்டும் என்றேன். ஸீவேவ்.
அவள் உள்ளே ஓடினாள்,
பெட்டி பிரிக்காத ஒரு கதவுப் பூட்டோடு வந்தாள்.
"அதே எழுத்து போட்டிருக்கிறதே!
டொரன்டோவிலிருந்து அக்கா அனுப்பினது."

அதே எழுத்துதான். அதே முத்திரைதான்.
ஆனால் அது பேசுவது தொள்ளாயிரத்து எட்டில்.
நம் காற்று கேட்பது எண்ணூற்று அறுபத்தெட்டில்.
ஒரே மேசைமேல் வைத்தாலும்
ஒன்று கூப்பிடுவது மற்றதன் காதில் விழாது.

"அக்காவும் நானும் போலத்தான்" என்றாள்,
சிரித்தாளா தெரியவில்லை, இருட்டு.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரவழைத்தேன், என் செலவில்.
அடுத்த வியாழன், அதே மின்வெட்டு.
நிவேஷனே திறந்தான்.
அவள் உள்ளங்கையில் கைபேசி நடுங்கியது.
இன்னொரு தரம் என்றாள்.
இன்னொரு தரம்.
பிறகு காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வரை போய்
அங்கிருந்து கூப்பிட்டாள்: "இப்போ."
திறந்தான்.
மறுமுனையில் பேச்சே இல்லை,
லாரிகள் போகும் சத்தம் மட்டும்.

கூலியில் இருநூறு ராண்ட் குறைத்துக்கொண்டேன்.
அவள் மறுக்கவில்லை.

டொரன்டோ பூட்டை என்ன செய்வது என்று
கிளம்பும்போது கேட்டேன்.
வரவேற்பறை அலமாரியில் வைத்திருந்தாள்,
பேட்டரி போட்டு.
பன்னிரண்டு விநாடிக்கு ஒருதரம்
அதில் ஒரு நீலப் புள்ளி மின்னியது.
"எரியட்டும்" என்றாள்.